இல்லை என்ற சொல் எதுவரை

இருங்காட்டுக்கோட்டையில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கார அம்மாவுக்கு முதலில் எங்கள் மேல் ஒரு வருத்தம் இருந்தது. இவ்வளவு படித்துவிட்டு இரண்டு பெண்கள் சர்வர் வேலைக்குப் போகிறோமே என்று. எண்பதுகளின் பிற்பகுதியில் சர்வர் என்றால், தோளில் துண்டும் கையில் தண்ணீர்த் தம்ளருமாக ஓட்டலில் வந்து நிற்பவர்தான். பெங்களூர் நெடுஞ்சாலை ஓரத்தில் கம்ப்யூட்டர் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் வேலை, நாங்கள் சர்வர் இல்லை, நாங்கள் செய்யும் பொருளின் பெயர்தான் சர்வர் என்று விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது இன்னாத்தமா பரிமாறும்?" என்றார்.

யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டதில் தப்பில்லை. எங்கள் சர்வரும் பரிமாறத்தான் செய்தது. தகவல்களை அட்டவணை அட்டவணையாக உள்ளே அடுக்கி வைத்திருக்கும். யாராவது ஒரு வாக்கியத்தைத் தட்டச்சு செய்து கேட்டால், கேட்டதை மட்டும் பொறுக்கியெடுத்துக் கொண்டுவந்து வைக்கும். அதற்கு முதலில் வாக்கியம் புரிய வேண்டும். வாக்கியத்தைச் சொல் சொல்லாகப் பிரித்து எது எதோடு சேரும் என்று முடிவு செய்யும் பகுதிக்குப் பார்சர் என்று பெயர். "ரெண்டு இட்லி வடை" என்று ஒருவர் கேட்டால், வடையும் இரண்டா, ஒன்றா? ஓட்டல் சர்வர் கேட்டவரின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். எங்களுடையதற்குப் பார்க்க முகம் கிடையாது. சொற்கள் மட்டும்தான்.

அந்தப் பார்சரை எழுதியவரை நான் பார்த்ததில்லை. நான் சேருவதற்கு முன்பே அவர் அமெரிக்கா போய்விட்டார். அவர் விட்டுப்போன நிரலுக்குள் காலை முதல் மாலை வரை உட்கார்ந்திருப்பதும், பழுது வந்தால் சரிசெய்வதும் என் வேலை. பிரிக்கப்பட்ட கேள்விக்கு விடை தேடிக் கொண்டுவரும் பகுதி என் தோழியுடையது. அவள் திருநெல்வேலிப் பக்கம். அறையிலும் என்னோடுதான் இருந்தாள். ஆள் இல்லாத ஒரு வீட்டில் குடியேறி, எந்தச் சன்னல் எந்தப் பக்கம் திறக்கும் என்று கற்றுக்கொள்வதைப் போல, பார்த்திராத ஒருவரின் யோசனைக்குள் நான் நடமாடிக்கொண்டிருந்தேன்.

கம்பெனி முன்பு ஏதோ கிடங்காக இருந்த கட்டடம். கீழே பெட்டிகளை இணைத்துத் திருகுவார்கள். மாடியில் குளிரூட்டிய அறையில் நாங்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு வெறுங்காலோடு போக வேண்டும். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் நீந்தி வரும். மத்தியானம் கரண்ட் போகும். இயந்திரங்களின் இரைச்சல் சட்டென்று நின்றதும், அதுவரை இருந்ததே தெரியாத சத்தங்கள் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கும். ஏரிப் பக்கம் நாரைகள், தூரத்தில் ஏற்றத்தில் கியர் மாற்றும் லாரி. கண்ணை மூடினால் இமைக்குள்ளும் பச்சை எழுத்துகள் ஓடும். அந்த வருடங்களை நினைக்கும்போது தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் வாழ்ந்தது போலவே இருக்கிறது. ஒருவேளை அந்த வயதே அப்படித்தான்.

எங்கள் சர்வருக்கு வெளியே கிடைத்த முதல் வீடு ஒரு கண் மருத்துவமனை. ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில், புளியமரங்களுக்கு நடுவே ஓர் அறக்கட்டளை நடத்தியது. ஊர் ஊராக முகாம் போட்டு, கண்புரை இருப்பவர்களைப் பதிவு செய்து, பிறகு வரவழைத்து அறுவை சிகிச்சை செய்வார்கள். ஒரு கம்ப்யூட்டரைச் சும்மாவே கொடுத்து, ஓட்டிப் பாருங்கள் என்று எங்கள் மேனேஜர் சொல்லியிருந்தார். தலைமை மருத்துவர் ஒரு பெண். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். கேள்விகளைத் தானே தட்டச்சு செய்யக் கற்றுக்கொண்டிருந்தார்.

ஒரு திங்கட்கிழமை காலை அவரிடமிருந்து போன் வந்தது. மேனேஜர் போனை வைத்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார். மருத்துவமனையில் கூட்டம் தாங்கவில்லையாம், நம்முடைய சர்வர் கூப்பிடக் கூடாதவர்களை எல்லாம் கூப்பிட்டுவிட்டதாம், நேரில் போய்ப் பாருங்கள் என்றார். கோபமாகச் சொன்னால்கூடத் தேவலை என்றிருந்தது. மெதுவாகத்தான் சொன்னார்.

ஸ்ரீபெரும்புதூர் போய் பஸ் மாறி, ஒரகடம் தாண்டி இறங்கும்போது வெயில் ஏறியிருந்தது. நானும் தோழியும் வாசலில் நின்றுவிட்டோம்.

புளியமரங்களின் அடியில் முழுக்க மனிதர்கள். பெரும்பாலோர் முகத்தில் கனமான கண்ணாடி. அந்தக் காலத்தில் புரையை எடுத்தால் உள்ளே செயற்கை லென்ஸ் வைப்பது பரவலாகவில்லை. சோடா பாட்டிலின் அடிப்பாகம் போலத் தடித்த கண்ணாடிதான் கொடுப்பார்கள். அதற்குப் பின்னால் கண்கள் பெரிதாகி, மீன்தொட்டிக்குள்ளிருந்து பார்ப்பது போலத் தெரியும். நாங்கள் உள்ளே நுழைந்ததும் அந்தப் பெரிய கண்கள் எல்லாம் எங்கள் பக்கம் திரும்பின. இலைகளினூடே விழுந்த வெயில் கண்ணாடிகளில் மினுங்கியது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு போஸ்ட் கார்டு. அதன் மேல் ஒட்டியிருந்த முகவரிச் சீட்டு எங்கள் சர்வர் அச்சடித்துக் கொடுத்தது.

"ஏட்டி, இவ்வளவு பேருக்கும் ஏற்கெனவே ஆபரேசன் ஆயிட்டுல்லா" என்று தோழி முணுமுணுத்தாள்.

முதல் ஆளிடம் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று, மரத்தடியில் கணவரோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவின் பக்கத்தில் போய்க் குந்தினேன். வல்லக்கோட்டையிலிருந்து வந்திருப்பதாகச் சொன்னார். மடியில் ஒரு பை நிறையக் கொய்யாப்பழம். தெரியாமல் கார்டு வந்துவிட்டது, உங்களை அலையவிட்டுவிட்டோம் என்று ஆரம்பித்தேன். அவர் என்னை முடிக்க விடவில்லை.

"அதனால இன்னா. கண்ணைத் தொறந்து வுட்டுட்டு மறந்துட்டாங்கன்னு நெனச்சிகினு இருந்தேன். கார்டு வந்துச்சு. மறக்கலன்னு வந்துட்டோம்."

சொல்லிவிட்டு ஒரு கொய்யாவை எடுத்து என் கையில் வைத்தார்.

மருத்துவர் எங்களைத் திட்டவில்லை. வந்தவர்களைத் திருப்பி அனுப்பவும் இல்லை. வரிசையாக உட்காரவைத்து டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் தான் கேட்ட கேள்வியைக் காட்டச் சொல்லி உதவியாளரிடம் சைகை செய்துவிட்டு, அடுத்தவரின் தாடையைத் தூக்கினார். அந்த அடுத்தவர் ஒரு மெலிந்த மனிதர். ஆபரேஷன் ஆனவர்களின் அந்த வரிசையில் அவர் முகத்தில் மட்டும் கண்ணாடி இல்லை. அறுவை முடிந்த மறுவருடமே கண்ணாடி கிணற்றில் விழுந்துவிட்டதாம். இலவசமாகக் கொடுத்ததைத் தொலைத்துவிட்டு இன்னொன்று கேட்க வெட்கப்பட்டு, அன்றிலிருந்து மங்கலாகவே காலம் தள்ளியிருக்கிறார். இப்போது நீங்களே கூப்பிட்டதால் வந்தேன் என்றார். மருத்துவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கண்ணாடியை எடுத்து அவர் காதில் மாட்டினார். அவர் தன் கைகளைத் தூக்கிப் பார்த்தார். உள்ளங்கையைப் பார்த்தார், புறங்கையைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

உதவியாளர் காட்டிய கேள்வி சாதாரணமானது. ஆபரேஷன் ஆகாதவர்கள், அதோடு இந்த வருடம் பதிவானவர்கள். இரண்டும் பொருந்துகிறவர்களின் முகவரி வேண்டும். ஆங்கிலத்தில் மறுப்புக்கு 'நாட்' என்று தொடங்கி, இரண்டையும் சேர்க்க நடுவில் 'ஆண்ட்' வரும். எழுதியதில் ஒரு குறையும் இல்லை. நான் அங்கேயே உட்கார்ந்து வாக்கியத்தின் இரண்டு பாதிகளை இடம் மாற்றிப் போட்டேன். இந்த வருடம் பதிவானவர்கள், அதோடு ஆபரேஷன் ஆகாதவர்கள். வேறு விடை வந்தது, மிகச் சின்னதாக. ஒரே கேள்வி, முன்பின்னாகக் கேட்டால் வேறு பதில். பழுது என் பக்கத்தில்தான் இருக்கிறது என்று அப்போது உறுதியாயிற்று. ஆனால் ஏன் என்று தெரியவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது தோழி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஒரகடம் சாலையின் இருபுறமும் அப்போது வெறும் கரம்பும் பனையும்தான். நான் கொய்யாவைத் தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். பச்சை எழுத்துகளில் நான் பார்த்துவந்த வரிசைகளுக்கெல்லாம் கண்ணாடி போட்ட முகங்கள் வந்துவிட்டிருந்தன. கண்ணை மூடினால் அவை திரும்பி என்னைப் பார்த்தன.

மறுநாள் முழுக்க அமெரிக்கா போனவரின் இலக்கண விதிகளைப் படித்தேன். பார்சரை அவர் கையால் எழுதவில்லை. விதிகளைக் கொடுத்தால் பார்சரை உண்டாக்கித் தரும் ஒரு கருவி இருந்தது. விதிகள் பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருந்தன. அன்று கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்கடுத்த காலை, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, தெருவில் யாரோ வந்து வீட்டுக்காரரைக் கேட்டார்கள். வீட்டுக்கார அம்மா அடுப்படியிலிருந்தே பதில் சொன்னார்.

"அவரு சாப்டுட்டு போவலயே."

வந்தவர் சரி என்று போய்விட்டார். தோழி தலையில் பூ வைத்துக்கொண்டே, பாவம், வெறும் வயிற்றோடு போயிருக்கிறார் என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். சாப்பிட்டாயிற்று, ஆனால் இன்னும் போகவில்லை, வீட்டில்தான் இருக்கிறார் என்றல்லவா நான் புரிந்துகொண்டேன்? இருவரும் ஒரே வாக்கியத்தைத்தான் கேட்டிருந்தோம். கடைசியில் வந்த 'இல்லை' எதுவரை எட்டுகிறது, போனதை மட்டும் மறுக்கிறதா, அதைத் தாண்டிச் சாப்பிட்டதைத் தொடுகிறதா என்பதில் பிரிந்துவிட்டோம். எட்டிப் பார்த்துக் கேட்டேன். "பட்னியாதான் போனாரு. இன்னாத்துக்குக் கேக்குற?" என்றார் வீட்டுக்கார அம்மா. தோழி சொன்னதுதான் சரி.

அன்று கம்பெனி வரை ஓட்டமும் நடையுமாகப் போனோம். மார்கழி மாதப் பனி ஏரியின் மேல் இன்னும் விலகவில்லை. கரையில் நின்ற மாடுகளுக்குக் கால்கள் தெரியவில்லை, முதுகுகள் மட்டும் மிதந்தன. செருப்பைக் கழற்றியெறிந்துவிட்டு விதிகளைத் திறந்தேன். 'நாட்' வந்தால் அதன் பிடி எங்கே முடிகிறது என்று அவர் எழுதவே இல்லை. அடுத்த ஒரு நிபந்தனையோடு நிற்கலாம். வாக்கியம் முடியும்வரையும் போகலாம். இரண்டுக்கும் விதி இடம் கொடுத்தது. இப்படி இரண்டு வழி இருந்தால் அந்தக் கருவி நின்று கேட்காது. ஓர் எச்சரிக்கையை மட்டும் முணுமுணுத்துவிட்டு, மேலே படித்துக்கொண்டே போகும் வழியைத் தானாகத் தேர்ந்துகொள்ளும். அதனால் 'ஆகாதவர்கள்' என்ற மறுப்பு, ஆபரேஷனோடு நிற்காமல், 'இந்த வருடம் பதிவானவர்கள்' என்பதையும் சேர்த்து விழுங்கிவிட்டது. இந்த வருடம் பதிவாகி ஆபரேஷனும் ஆனவர்களைத் தவிர மற்ற எல்லோருக்கும் கார்டு போனது அப்படித்தான்.

திருத்தம் சின்னது. மறுப்பின் பிடி அடுத்த ஒரு நிபந்தனையோடு முடியும் என்று சொல்ல வேண்டும். சொன்னதும் வேறொரு இடம் உடைந்தது. அடைப்புக்குறிக்குள் இன்னொரு அடைப்புக்குறி வரும் கேள்விகளைப் பார்சர் மறுக்கத் தொடங்கியது. அதைச் சரிசெய்தால் தோழியின் பகுதியில் விடை இரண்டிரண்டாக வந்தது. ஒரு பக்கம் தைத்தால் மறுபக்கம் பிரிந்தது. தோழி விதவிதமான கேள்விகளை எழுதிவைத்து ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் எல்லாவற்றையும் ஓட்டினாள். பொங்கலுக்கு அவள் ஊருக்குப் போகவில்லை. நானும் தாம்பரத்தில் இருந்த அம்மா வீட்டுக்குப் போகவில்லை. வீட்டுக்கார அம்மா கொடுத்தனுப்பிய சர்க்கரைப் பொங்கலைத் திரைக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். அதற்குப் பிறகு ஒரு மத்தியானம் எல்லாக் கேள்விகளும் சரியாக ஓடி முடிந்தன. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்போது கரண்ட் போயிற்று. தோழி சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் நிறுத்த முடியவில்லை.

திருத்திய சர்வர் நிரலை டேப்பில் ஏற்றி, வெயில் படாமல் முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, மறுபடியும் அந்த பஸ்ஸில் போனோம். மருத்துவமனை முற்றம் காலியாக இருந்தது. புளியமர நிழல் மட்டும் தரையில் அசைந்தது. டேப்பிலிருந்து ஏற்றி முடித்ததும் மருத்துவர் தன் பழைய கேள்வியையே மறுபடி தட்டச்சு செய்தார். இப்போது வர வேண்டியவர்கள் மட்டும் வந்தார்கள். அவர் முகத்தில் பெரிய மகிழ்ச்சி எதுவும் தெரியவில்லை.

"இது சரி. அன்னைக்கு நடந்த மாதிரி எல்லாரையும் கூப்பிடணும்னா எப்படிக் கேக்கணும்?" என்றார்.

எதற்கு என்று கேட்டேன். அவர் மெதுவாக விளக்கினார். அன்றைக்கு வந்தவர்களில் கண்ணாடி உடைந்தவர்கள், தொலைத்தவர்கள், அடுத்த கண்ணில் புரை முற்றியவர்கள் என்று பலர் இருந்தார்களாம். கூப்பிடாமல் அவர்கள் வந்திருக்கமாட்டார்கள். வருடத்தில் ஒரு நாள் அப்படிக் கூப்பிட ஆசைப்படுகிறேன் என்றார். நிபந்தனையே இல்லாமல் கேளுங்கள், எல்லோரும் வருவார்கள் என்று சொல்லி எழுதிக் காட்டினேன். அவர் அதை ஓட்டிப் பார்த்தார். பிறகு ஆபரேஷன் ஆனவர்கள் எத்தனை, ஆகாதவர்கள் எத்தனை என்று தனித்தனியாகக் கேட்டார். ஒரு தாளில் கூட்டினார். மறுபடியும் கூட்டினார்.

"மொத்தத்துக்குக் குறையுதே. இந்தப் பக்கமும் இல்லாம அந்தப் பக்கமும் இல்லாம கொஞ்சம் பேர் எங்கம்மா போனாங்க?"

தோழிதான் முதலில் புரிந்துகொண்டாள். அவர்களுடைய பதிவில் 'ஆபரேஷன்' என்ற கட்டம் காலியாக இருக்க வேண்டும் என்றாள். காலியாக இருந்தால் எங்கள் சர்வருக்கு ஆம் என்றும் தெரியாது, இல்லை என்றும் தெரியாது. தெரியாததைத் திருப்பிப் போட்டாலும் தெரியாததுதான். அதனால் எந்தப் பக்கம் கேட்டாலும் அவர்களை விட்டுவிடும். கணக்குப்படி அது பழுதில்லை. ஆனால் 'காலியாக இருப்பவர்கள் யார்' என்று கேட்க எங்கள் சர்வரின் கேள்வி மொழியில் ஒரு சொல்லும் இல்லை. அமெரிக்கா போனவருக்கு அது தேவைப்பட்டிருக்கவில்லை போலும்.

அந்தச் சொல்லைச் சேர்க்க எங்களுக்கு ஒரு வாரத்துக்கு மேல் பிடித்தது. சாயங்காலங்களில் அறைக்குத் திரும்பி மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு, அந்த இரண்டு பக்கமும் இல்லாத மனிதர்களைப் பற்றிப் பேசினோம். ஆமும் இல்லாமல் இல்லையும் இல்லாமல் எங்கே உட்கார்ந்திருப்பார்கள் என்று தோழி கேட்டாள். ஏரிப் பனிக்குள் அந்த மாடுகளைப் போல நின்றுகொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. அவளிடம் சொல்லவில்லை. அவள் அப்போது ஊரில் தனக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தாள்.

காலியாக இருந்தவர்கள் எல்லோரும் படப்பைப் பக்கம் நடந்த ஒரே முகாமைச் சேர்ந்தவர்கள் என்று பிறகு தெரிந்தது. அன்று பெருமழை. பாதியில் எல்லோரும் கலைந்து ஓடியிருக்கிறார்கள். பெயரும் ஊரும் மட்டும் பதிவாகி, மற்றக் கட்டங்கள் அப்படியே நின்றுவிட்டன. பார்வை மங்கிய அவர்கள், கார்டு வரும் வரும் என்று பல மாதங்களாகக் காத்திருந்திருக்கிறார்கள். மருத்துவர் அவர்களுக்குக் கார்டு அனுப்பாமல் வேனையே அனுப்பினார். எங்களையும் வரச்சொன்னார். எங்களுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் போனோம்.

வேனிலிருந்து இறங்கியவர்களில் ஓர் ஏரிமீன் விற்கும் அம்மா இருந்தார். இரண்டு கண்ணிலும் பால் போல வெள்ளை. கூடையைத் தடவித் தடவியே மீனை எடை போட்டுக்கொடுத்து வந்தாராம். தோழி அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். அறுவை முடிந்து கட்டுப் பிரிக்கும் நாளன்றும் நாங்கள் போயிருந்தோம். விடுப்புக் கேட்டபோது மேனேஜர் எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை.

வார்டுக்கு வெளியே வராந்தாவில், வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி அவரை உட்காரவைத்துக் கட்டை அவிழ்த்தார்கள். தடித்த கண்ணாடியை மாட்டினார்கள். மெதுவாகத் திரும்பச் சொன்னார்கள். அவர் திரும்பி, முற்றத்தையும் மரத்தையும் மரத்துக்கு மேலேயும் வெகுநேரம் பார்த்தார். அழுவார் என்று எதிர்பார்த்து நான்தான் அழத் தயாராக நின்றேன்.

"இன்னாமா இது, ஒலகத்தையே நீலம் போட்டு அலசினாப்பல கீது?" என்றார்.

புரை பல வருடங்களாக எல்லாவற்றையும் மஞ்சளாக வடிகட்டிவிடும், அதை எடுத்ததும் கொஞ்ச நாளைக்கு எல்லோருக்கும் நீலம் தூக்கலாகத் தெரியும் என்று மருத்துவர் சொன்னார். அந்த அம்மா அதைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. என் வெள்ளைப் புடவையைத் தொட்டு, இது இன்னா கலரு என்று கேட்டார். வெள்ளை என்றேன். அவர் நம்பவில்லை.

தோழி அந்த வைகாசியில் கல்யாணம் ஆகி ஊரோடு போய்விட்டாள். கம்பெனி இன்னும் சில வருடங்கள் ஓடியது. பிறகு வெளிநாட்டுச் சர்வர்கள் வந்ததும் மாடி அறையைப் பூட்டினார்கள். நான் சென்னைக்கு வேறு வேலைக்குப் போனேன். கட்டுப் பிரித்த அன்று சாயங்காலம் பஸ் ஒரகடம் தாண்டி ஏரிக்கரையில் திரும்பியபோது, நாங்கள் இருவரும் சன்னலோரம் நெருக்கிக்கொண்டு, தண்ணீரில் அந்த அம்மா சொன்ன நீலம் தெரிகிறதா என்று பார்த்தோம். எனக்குச் சாம்பல் நிறமாகத்தான் தெரிந்தது. தோழி மட்டும் தெரிகிறது என்றாள்.